பனிக்கு வாங்கிய லைட்

வேனுக்கு லைட் பூட்டும் ஆசை எனக்கு அழகு பார்த்து வந்ததல்ல. என் மனைவியின் முழங்காலைப் பார்த்து வந்தது.

பொகவந்தலாவையிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் ரோட்டில் கடைசி ஒரு மைல்தான் வில்லங்கம். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம், நடுவில் ஒரு வேன் போகிற அகலம். டியூஷன் முடிந்த பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நான் மேலே வருகிற நேரமும் பனி இறங்குகிற நேரமும் ஒன்று. வேனோடு வந்த லைட்டுகள் வயதானவர் கண்போல மங்கிக் கிடந்தன. அதனால் மதகடியில் வண்டியை நிறுத்திவிடுவேன். அந்திக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு அவள் அங்கே வந்து நிற்பாள். இடுப்பில் நனையாமலிருக்கச் சுற்றிய படங்கு, தலையில் கொங்காணியாக மடித்துப் போட்ட உரப்பை. வேனுக்கு முன்னால் அவள் நடக்க, அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே நான் ஓட்டுவேன். லொறிக்காரர்களுக்குப் பனியில் முன்னால் நடக்க கிளீனர் உண்டு. எனக்குப் பெண்டாட்டிதான் கிளீனர்.

முதுகும் தெரியாத நாள்களில் அவள் பேச்சு இருந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டு அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போவேன். அன்று மலையில் நடந்த அத்தனையும், வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஏசியதும் சேர்த்து, சத்தமாக வந்து சேரும்.

"கண்டாக்கு இன்னைக்கு என்னா ஆட்டம் ஆடுனாரு தெரியுமாங்க? நான் முத்தல் எலை ஆஞ்சுட்டேனாம். அந்தாளு கண்ணுல கொள்ளிய வைக்க! வலப்பக்கம் கல்லு கெடக்கு, பாத்து வாங்க."

பின்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். நாள் முழுக்க அவள் மலையில், நான் ரோட்டில். வீட்டுக்குப் போனால் அவளுக்கு அடுப்பு, எனக்குத் தூக்கம். நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் அந்த ஒரு மைலில்தான். அவள் பேசுவாள், நான் ஹாரனைத் தட்டி 'ம்' கொட்டுவேன்.

ஒரு மழைக்காலத்தில் அவள் முழங்கால் வீங்கிவிட்டது. நாலடி நடந்து நின்று, காலைப் பிடித்துவிட்டு மறுபடி நடந்தாள். பேச்சும் குறைந்தது. பின்னால் சொகுசாக உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போக எனக்கு வெட்கமாக இருந்தது.

"இனிமே நீ நடக்க வேணாம். லைட் பூட்டப் போறேன்" என்றேன்.

"லைட்டு வந்து கல்லு கெடக்குன்னு சொல்லுமா?" என்றாள். அவள் வாய் அப்படி.

ஹட்டனில் வாகன சாமான் கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளியை எல்லாரும் நானா என்போம். அவர் இரண்டு வகை எடுத்து வைத்தார். ஒன்று கூரையில் பூட்டுகிற நீளமான வெள்ளை எல்.ஈ.டி. பார். மற்றது பம்பருக்குக் கீழே பூட்டுகிற இரண்டு சின்ன மஞ்சள் லைட்.

"ஒங்கட ரோட்டுக்கு இந்தச் சின்னதுதான் சரி தம்பி. பதிவா, நெலத்துக்குக் கிட்ட பூட்டணும். மத்தத ஒசரத்துல வச்சா பனிதான் தெரியும், ரோடு தெரியாது."

நான் சொல்பேச்சுக் கேட்கிற ஆளா? தோட்டத்தான் என்று சின்னதைத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்தேன். பாரை எரித்துக் காட்டச் சொன்னேன். கடைக்குள்ளேயே கண் கூசியது. ஆகா, இதல்லவா லைட் என்று கூரையில் பூட்டிக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஊர் வந்து சேர்ந்தேன்.

மறுநாள் மதகடியில் அவளைப் பார்த்து, "ஏறு, மகாராணி மாதிரி ஒக்காரு" என்றேன். பனி நன்றாக இறங்கியிருந்தது. சுவிட்சைத் தட்டினேன். அடக் கடவுளே! கண்ணாடிக்கு முன்னால் யாரோ வெள்ளை வேட்டியைக் காயப்போட்டது போல ஆகிவிட்டது. அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. அப்போதே அணைத்திருக்க வேண்டும். வீறாப்பு விடவில்லை, உருட்டிக்கொண்டே போனேன்.

"ஏங்க! கானு! கானு!" என்று அவள் அலறியபோது முன்சக்கரம் மலைப்பக்கத்து வடிகால் கானில் இறங்கிவிட்டது. பள்ளத்துப் பக்கம் இறங்கியிருந்தால்? ஊரார் பெற்ற பிள்ளைகள் ஒன்பது பேர் பின்னால் இருந்தார்கள்.

பின்னால் வந்தவர்கள் தூக்கிவிட்டார்கள். அவள் இறங்கினாள், உரப்பையைத் தலையில் போட்டாள், நடந்தாள். எங்கள் வரிசை வீடு இருக்கிற லயம் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை பாரைக் கழற்றிக்கொண்டு கடைக்குப் போனேன். நானா என் முகத்தைப் பார்த்தார், சிரிக்கவில்லை. அந்தச் சின்ன லைட்டுகளையே எடுத்துக் கொடுத்தார். "மஞ்சளா வெள்ளையான்னு மண்டைய ஒடச்சிக்க வேணாம். பதிவா பூட்டுங்க, வெளிச்சம் நெலத்தோட போகணும். மட்டமான எடத்துல வச்சு சரிபாருங்க" என்றார்.

மட்டமான இடம்! எங்கள் தோட்டத்தில் கோழிக்கூடு வைக்கவே மண் வெட்ட வேண்டும். லயத்துக்கு இறங்கும் பாதையிலேயே வண்டியை நிறுத்தினேன். கீழே லயத்துச் சுவரில் லைட் உயரத்துக்குக் கோடு போட்டு, வெளிச்சம் அந்தக் கோட்டில் விழுகிற மாதிரி திருப்பி முறுக்கினேன். மறுநாள் பனியில் போட்டால், அது நெற்றிக்கு நேரே போய்ப் பனியில் முட்டியது.

"இதுவும் வானத்ததான் பாக்குது" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கி நடந்தாள். நொண்டிக்கொண்டே நடந்தாள்.

அடுத்த நாள் அதே இடத்தில் நான் ஸ்பேனரோடு படுத்துக்கிடந்தபோது, அவள் மலையிலிருந்து வந்து பக்கத்தில் நின்றாள். செடியின் மேல் வைத்துக் கொழுந்து மட்டம் பார்க்கிற கம்பு கையில் இருந்தது. அதை வண்டியோரம் சரித்துப் பிடித்தாள். பிறகு கீழே போய் லயத்து வாசலில் படுக்கப் போட்டாள்.

"ஏங்க, வண்டி சரிவுல நிக்கிது, செவுரு மட்டத்துல நிக்கிது. குனிஞ்சி நிக்கிறவன் நேரா பாக்கணும்னா தலையத் தூக்கித்தானே ஆகணும்? ஒங்க லைட்டும் அதத்தான் செஞ்சிருக்கு."

இருபது வருடம் வண்டி ஓட்டியவன் நான். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

தோட்டத்திலேயே மட்டமான தரை காலையில் ஆள்களைக் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்களம்தான். இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் வண்டியை அங்கே கொண்டுபோனோம். கொழுந்து நிறுக்கும் மடுவத்துச் சுவரில் அவள் சோக்கால் கோடு போட்டாள், லைட் உயரத்துக்கு ஒரு சாண் கீழே. "இன்னும் கீழ... இன்னும்... ஆங், போதுங்க" என்றாள். முறுக்கினேன். அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. கானில் இறங்கிய நாளுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள்.

பனி பலமாக இறங்கிய அடுத்த நாள், மதகடியில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுவிட்சைத் தட்டினேன். மஞ்சள் வெளிச்சம் பனிக்கு அடியில் பாய்போல விரிந்தது. கானின் ஓரம் தெரிந்தது, புல் தெரிந்தது, கல் தெரிந்தது. கடைசி வளைவையும் தாண்டியபிறகு பெருமையடிக்கத் திரும்பினேன். கண்ணாடியில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அவள் தூங்கிப் போயிருந்தாள். படங்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இன்னும் மெதுவாக ஓட்டினேன். என் வாழ்க்கையில் நான் அவளுக்குச் செய்த உருப்படியான காரியம் அதுதான். அதன்பிறகு தினமும் அந்த ஒரு மைல் தூங்கித்தான் வந்தாள்.

போன வருடத்திலிருந்து அவள் கொழும்பில், மகள் வீட்டில், பேரனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மதகடியைத் தாண்டினால் போனுக்கு சிக்னல் இல்லை. அதைத் தெரிந்து, நான் அங்கே வருகிற நேரம் பார்த்துக் கூப்பிடுவாள். வண்டியை ஓரமாக நிறுத்துவேன்.

"பனி இருக்காங்க?"

"இருக்கு."

"லைட்ட போட்டீங்களா?"

"போட்டாச்சு."

"சரி, மெதுவா போங்க." பேரன் அழுவான், வைத்துவிடுவாள்.

நான் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கிளம்புவேன். நேற்று பின்னாலிருந்து ஒரு பிள்ளை கேட்டாள்: "மாமா, குளுருது. ரோடுதான் நல்லா தெரியுதே, கண்ணாடிய ஏன் எறக்குறீங்க?"

எதிரே வருகிற வண்டிச் சத்தம் கேட்க வேண்டாமா என்றேன். பொய். அவள் சத்தம் இல்லாமல் எனக்கு அந்த ரோடு பிடிக்கவில்லை. லைட் நன்றாகத்தான் எரிகிறது. வலப்பக்கம் கல் கிடப்பது தெளிவாகத் தெரிகிறது. பாத்து வாங்க என்று சொல்லத்தான் முன்னால் ஆளில்லை.