செண்பகவல்லிக்குப் பைத்தியமில்லை

மாதுங்காவில் வளர்ந்த ஷ்யாமளா மனோதத்துவம் படித்து, மனநல ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். கோர்ட் அனுப்பும் கைதிகளுக்குப் புத்தி தெளிவாக இருக்கிறதா என்று சோதிப்பது அவள் பொறுப்பு. கடைசிச் சொல் மட்டும் அவளுடைய மேலதிகாரி டாக்டர் ஜகந்நாதனுடையது.

1966 மழைக்காலத்தில் தாராவியிலிருந்து செண்பகவல்லியைக் கொண்டுவந்தார்கள். கணவன் தளவாயின் மண்டையை அவள் தோசைக்கல்லால் உடைத்திருந்தாள். பிழைத்தெழுந்த தளவாய் தலைக்கட்டோடு டாக்டரிடம் வந்தான். "பிள்ள பெத்ததுலருந்தே அவளுக்குக் கிறுக்கு சார்." டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

ஷ்யாமளா செண்பகவல்லியோடு உட்கார்ந்தாள். "நீ சொல்றது கோர்ட்டுக்குப் போகும். தெரிஞ்சுண்டு பேசு."

"போவட்டும்மா. தெரிஞ்சுதான் அடிச்சேன். என்னைய அடிச்சா வாங்கிக்கிடுவேன். அன்னைக்குப் பிள்ள கழுத்தப் பிடிச்சாரு."

சோதனைகளிலும் ஒரு குழப்பமும் தெரியவில்லை. ஷ்யாமளா டாக்டரின் அறைக்குப் போனாள்.

"அவ புத்தி நன்னாவே இருக்கு சார்."

"நன்னா இருந்தா ஒரு பொம்மனாட்டி புருஷன் மண்டையை உடைப்பாளா?"

"போன வாரம் பொண்டாட்டி கையை ஒடிச்சவனைக் கோபக்காரன்னுதானே எழுதினேள்? இவ அடிச்சா மட்டும் பைத்தியமா?"

டாக்டர் பேனாவை மூடினார். "பைத்தியம்னா தண்டனை இல்லை, இங்கேயே இருந்துடுவா. தெளிவுன்னா ஜெயில். உன் நியாயத்துக்காக அவ ஜெயிலுக்குப் போகணுமா?"

அன்று முழுக்க அந்தக் கேள்வி ஷ்யாமளாவை விடவில்லை. மறுநாள் இரண்டு வழிகளையும் செண்பகவல்லியிடமே விளக்கினாள்.

செண்பகவல்லி அவள் கையை இறுகப் பற்றினாள். "ஜெயிலுன்னா ஒருநாள் விடுவாக. கிறுக்கின்னு எழுதிட்டா எம் பிள்ளைய எவன் தருவான்? அப்படி மட்டும் எழுதிராதீயம்மா!"

பைத்தியம் என்று சொன்ன டாக்டரின் அறிக்கைக்குக் கீழே கையெழுத்துப் போட ஷ்யாமளா மறுத்தாள். செண்பகவல்லியின் வக்கீல் ஷ்யாமளாவைச் சாட்சிக்கு அழைத்தார். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்ட முதல் கேள்வியே, அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்பதுதான். கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. முன்வரிசையில் டாக்டர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். ஷ்யாமளா மாஜிஸ்ட்ரேட்டின் பக்கம் திரும்பினாள்.

"என் கல்யாணத்தைக் கேட்டால் அவள் புத்தி தெரியாது. அவளைக் கேளுங்கள்," என்றாள்.

மாஜிஸ்ட்ரேட் கேட்டார். செண்பகவல்லி நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். புத்தி தெளிவானவள் என்று தீர்ப்பு வந்தது; ஆறு மாதச் சிறையும் வந்தது.

ஆஸ்பத்திரியில் ஷ்யாமளாவைக் கோர்ட் வேலையிலிருந்து விலக்கி, பள்ளிப் பிள்ளைகளைச் சோதிக்க அனுப்பினார்கள். அவள் ராஜினாமா செய்யவில்லை. பழைய வேலையைத் திருப்பித் தரச் சொல்லி மனுப் போட்டுக்கொண்டே இருந்தாள். டாக்டர் ஓய்வு பெற்ற பிறகுதான் அது கிடைத்தது.

செண்பகவல்லி ஆறு மாதத்தில் விடுதலையானதும், ஆண்டாப் ஹில்லில் தன் அக்காள் வீட்டில் வளர்ந்த மகளிடம் போய்ச் சேர்ந்தாள்.