சிவப்புக் கயிறு கட்டிய கேன்

'இன்னொண்ணு' என்ற பெயர் எங்கள் காதில் முதலில் விழுந்தது, பெரிய அண்ணியின் தம்பிக்குப் பெண் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு.

"பொண்ணுக்குப் பல்கலைக்கழகத்துக் கிடங்குல வேலை. எதைக் கேட்டாலும் கூட இன்னொண்ணு வாங்கி வைப்பாளாம். அதான் அந்தப் பேரு" என்றாள் அண்ணி.

"அப்ப உன் தம்பியை ஜாக்கிரதையா இருக்கச் சொல்லு. புருஷன்லயும் இன்னொண்ணு வாங்கிடப் போறா!" என்று யாரோ சொல்ல, வீடே சிரித்தது.

சிரிக்கலாம். ஆனால் அது அரசாங்கப் பல்கலைக்கழகம். தீர்ந்த பிறகு கேட்டால், விலை கேட்டு, ஒப்புதல் வாங்கி, பொருள் வந்து இறங்குவதற்குள் பிள்ளைகள் பரீட்சையே எழுதி முடித்துவிடும். அதனால் எந்தப் பொருளானாலும் கடைசி ஒன்றுக்குச் சிவப்புக் கயிறு கட்டிவிடுவாள். கயிற்றை அவிழ்த்தால் அன்றைக்கே வாங்கும் பிரிவுக்குச் சொல்லியாக வேண்டும். வழக்கமான கடை போக, இன்னொரு கடையிலும் அவ்வப்போது கொஞ்சம் வாங்குவாள், அவர்களுக்கு முகம் மறந்துவிடக் கூடாது என்று.

அண்ணியின் தம்பியையே கட்டிக்கொண்ட அவளுக்குப் பிள்ளை இல்லை. அக்கா செத்தபின் அக்கா மகளை இவள்தான் வளர்த்தாள். அந்தப் பெண் அதே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். நோயாளிகளின் ரத்தத்திலிருந்து பிரித்த உயிரணுக்களைத் திரவ நைட்ரஜன் தொட்டியில் உறைய வைத்திருந்தாள். அந்த நைட்ரஜன் மூடி வைத்தாலும் ஆவியாகிக் குறைந்துகொண்டே இருக்கும்; வற்றினால் உயிரணுக்கள் செத்துவிடும்.

நீண்ட விடுமுறைக்கு முன்னால் கிடங்குக்கு ஓடி வந்தாள்.

"சித்தி, என் தொட்டி வத்தப் போகுது. மூடியைச் சரியா வைக்கல போல. சாருக்குத் தெரிஞ்சா தொலைச்சுடுவாரு."

"நைட்ரஜன்ல கயிறு கட்டின கடைசிக் கேன்தான்டி இருக்கு."

"அந்தக் கயிறு என்ன, உன் உசுருலயா கட்டியிருக்கு?"

அவிழ்த்துக் கொடுத்தாள். சொன்னால் யாருக்கு, ஏன் என்று கேட்பார்கள். பிள்ளையின் பெயர் கெடும். விடுமுறை முடிந்து சொல்லிக்கொள்ளலாம் என்று கயிற்றைக் காலிக் கேனில் கட்டி வைத்தாள். தன் கையால்.

அன்று சாயங்காலமே கடையிலிருந்து வாங்கும் பிரிவு அதிகாரிக்குப் போன் வந்தது. ஆலை பழுது, சரக்கு வரத் தாமதமாகும் என்றார்கள். அவர் கிடங்குப் பக்கம் எட்டிப் பார்த்தார். சிவப்புக் கயிறு தெரிந்தது. நிம்மதியாக ஊருக்குப் போய்விட்டார்.

விடுமுறை முடிந்து திறந்தபோது, எல்லாத் துறைப் பிள்ளைகளின் உயிரணுக்களும் இருந்த பொதுத் தொட்டியில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். நுனிதான் நனைந்தது. மகளின் தொட்டியும் மறுபடி அடிவரை இறங்கியிருந்தது. குறை மூடியில் இல்லை, தொட்டியே ஒழுகியிருக்கிறது.

"அந்தக் கேனை எடுங்கம்மா" என்றார் அதிகாரி.

"அது காலி சார். நான்தான் அவுத்துக் கொடுத்தேன்."

அவள் போனை எடுத்தாள். வழக்கமான கடை கைவிரித்தது. அடுத்த கடைக்காரர், "நீங்க கேக்கிறதால ஒரு கேன் அனுப்புறேன். அதுக்கு மேல வேணும்னா என் தலையைத்தான் அனுப்பணும்" என்றார்.

வந்தது ஒரே கேன். பொதுத் தொட்டிக்கே அது காணாது போலிருந்தது. மகளின் குப்பிகளை அதற்கு மாற்றலாம் என்றால், அதில் இன்னொரு குப்பி செருகவும் இடமில்லை.

மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னோடதுல ஊத்து சித்தி. நான் உன் பொண்ணு இல்லையா?"

"ஆமாடி. என் பொண்ணுதான்."

கையை விடுவித்துக்கொண்டு பொதுத் தொட்டியில் ஊற்றினாள். வெண்புகை தரையெல்லாம் பரவியது. மகள் அந்தப் புகைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள். கேன் தீர்ந்தபின்னும் இவள் அதைக் கவிழ்த்துப் பிடித்தபடியே நின்றாளாம், ஒரு சொட்டாவது மிஞ்சாதா என்று.

மகள் வேறு ஊரில் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறாள். சித்தியோடு பேசுவதில்லை. கயிற்று விஷயத்துக்காக மாற்றப்பட்ட இன்னொண்ணு இப்போது மாணவர் விடுதிக் கிடங்கில் சோப்பும் துடைப்பமும் எடுத்துக் கொடுக்கிறாள்.