பக்கத்து வீட்டுத் தொட்டியின் முட்டைகள்

நேற்று மழை பிடித்ததும் சன்ஷேடுக்குக் கீழே ஒரு பக்கெட்டை வைத்தேன். "எதுக்கு இந்த வேல, கொழாயிலதான் தண்ணி வருதே?" என்றாள் மனைவி. பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். பழைய எரிச்சல்.

நெல்லித்தோப்பில் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் லூர்து அண்ணன் வீடு. சேதராப்பட்டில் ஒரே கம்பெனி, ஒரே ஷிஃப்ட். ஒரு சம்பள நாளில் இருவரும் ஒரே கடையில், கண்ணாடித் தொட்டியில் வளர்க்க, 'கோரி' மீன் வாங்கினோம். கெளுத்தி ஜாதிதான், சுண்டுவிரல் நீளம், மீசை, உடம்பின் இரு பக்கமும் ஓடு வேய்ந்தாற்போலக் கவசம். மணலுக்குள் மூக்கை நுழைத்துத் துழாவும், திடீரென்று நின்று கண் சிமிட்டும். என்னைப் பார்த்துத்தான் சிமிட்டுகிறது என்று நான் நம்பியதைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

என் மீன்களைத் தாங்கு தாங்கென்று தாங்கினேன். மணலைக் கலங்கல் தீரும்வரை அலசினேன். தண்ணீரைக்கூட ஒருநாள் வைத்திருந்து, குளிர் போன பிறகுதான் ஊற்றுவேன். அண்ணன் தொட்டியிலோ பாசி. ஆனால் முட்டை அங்கேதான் வந்தது.

"தம்பி, கண்ணாடியெல்லாம் முட்ட ஒட்டிக்கினு கெடக்குது, வந்து பாரு."

வெந்த ஜவ்வரிசிபோல் இருந்தது. "நல்லாருக்குண்ணே" என்றேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

"என்னண்ணே பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ல. மழத்தண்ணிய புடிச்சி ஊத்துனேன். சில்லுனு பட்டா அதுங்களுக்கு மழக்காலம்னு நெனப்பு. நீயும் ஊத்து."

ஊற்றியிருக்கலாம். ஆனால் அவர் சொல்லி என் மீன் முட்டையிட்டால், அதுவும் அவர் முட்டை ஆகிவிடாதா? மழைக்கு மழை அங்கே முட்டை, குஞ்சு, வேடிக்கை பார்க்கத் தெருப் பிள்ளைகள். நான் என் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ரிட்டையரானதும், மகள் கூப்பிட்டாளென்று அண்ணன் பிரான்சுக்குப் போய்விட்டார். தொட்டியைத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார். இனி யார் பார்க்கப்போகிறார்கள் என்றுதான் நேற்று அந்தப் பக்கெட் தண்ணீரை என் தொட்டியில் ஊற்றினேன்.

காலையில் கண்ணாடி முழுக்க முட்டை. பல்கூடத் துலக்காமல் ஓடினேன், அண்ணனைக் கூட்டிவந்து காட்ட. அவர் முகம் கொஞ்சமாவது சுருங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கதவைத் தட்டிய பிறகுதான் பூட்டு கண்ணில் பட்டது.