தொடாதே என்று எழுதிய எட்டு வரிகள்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் டிரைவரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டருக்கும் அதில் செருகிய கருவிக்கும் நடுவில் நின்று பேச்சை வாங்கிக் கொடுக்கும் புரோகிராமுக்கு டிரைவர் என்று பெயர். அதை எழுதுவது அவள் வேலை. மாமியாருக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை. "மருமக ஏதோ வண்டி ஓட்டுறா, ஆனா உக்காந்த எடத்துலயே" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தார்.

நாற்பத்தாறு வயது. கோபக்காரி என்று பெயர் எடுத்தவள். சும்மா எடுத்த பெயரும் இல்லை. ஆனால் அந்தத் திங்கட்கிழமை வந்த கோபம் வேறு ரகம்.

அவர்கள் செய்வது மருத்துவமனைக் கட்டிலருகே வைக்கும் மானிட்டர். நோயாளியின் விரலில் மாட்டும் கிளிப், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அளக்கும். அந்த எண் சீரியல் போர்ட் என்ற கம்பி இணைப்பு வழியாகத் திரைக்கு வரும். வந்ததும், ‘வந்தாச்சு, எடுத்துக்கொள்’ என்று அங்கே உட்கார்ந்திருக்கும் சிப்பு டிரைவருக்கு மணி அடிக்க வேண்டும். பல லட்சத்தில் ஒரு தடவை அந்தச் சிப்பு அடிக்காது. அப்புறம் டிரைவர் காத்துக்கொண்டே கிடக்கும். திரையில் பழைய எண் அப்படியே நிற்கும். எண் குறைந்தால் அலற வேண்டிய அலாரமும் அந்தப் பழைய எண்ணைத்தான் நம்பி வாயை மூடிக்கொண்டிருக்கும்.

பதினோரு வருடத்துக்கு முன்னால், மூன்று வாரம் சோறு தண்ணீர் மறந்து இதைக் கண்டுபிடித்தவள் அவள். சிப்பைத் திருத்த முடியாது. அதனால் மணியை நம்பாமல், நொடிக்கு ஐம்பது தடவை டிரைவரே போய் எட்டிப் பார்க்கும்படி எட்டு வரி எழுதினாள். அதற்கு மேலே, ‘சிப்பு சில நேரம் மணி அடிக்காது. இந்த எட்டு வரியைத் தொடாதே’ என்றும் எழுதிவைத்தாள்.

தொட்டுவிட்டார்கள்.

அப்பாவின் கண் ஆபரேஷனுக்காகப் பத்து நாள் லீவில் போய்விட்டுத் திங்கட்கிழமை வந்தாள். சோதனை மேசையில் இருந்த மானிட்டரின் கிளிப்பை விரலில் மாட்டினாள். தொண்ணூற்றேழு. கொஞ்ச நேரம் வேறு வேலை பார்த்துவிட்டு, தண்ணீர் குடிக்கக் கிளிப்பைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். தொண்ணூற்றேழு. மேசைக்கு ஆக்சிஜன் தொண்ணூற்றேழு! நிரலைத் திறந்து பார்த்தாள். எட்டு வரியும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை.

நேரே புது மேலாளரின் கண்ணாடி அறைக்குப் போனாள். வந்த நாளிலிருந்து எதையாவது அழித்துச் சுத்தம் செய்துகொண்டே இருப்பவர் என்பதால் அலுவலகம் அவருக்குத் துடைப்பம் என்று பெயர் வைத்திருந்தது.

"அந்த எட்டு வரிய யார் சார் எடுத்தது?"

"நான்தான். எதுக்கு மேடம் சும்மா எட்டி எட்டிப் பாத்துட்டிருக்கணும்? பேட்டரி வேஸ்ட். சிப்பு கம்பெனிக்காரன் குறைப்பட்டியல் போட்டிருக்கான், அதுல இப்படி ஒண்ணு கெடையவே கெடையாது."

"இப்ப என் கண்ணு முன்னாடி நின்னு போச்சு சார்."

"லூஸ் கனெக்‌ஷனா இருக்கும். பதினெட்டு மணி நேரம் ஓட்டிப் பாத்தாச்சு. வியாழக்கிழமை முந்நூறு மானிட்டர் ஆஸ்பத்திரிக்குப் போவுது. இனி ஒரு வரி மாத்தினாலும் டெஸ்ட மொதல்லேருந்து ஓட்டணும். நடக்கிற காரியமா?"

"லூஸ் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியுது சார்," என்று சொல்லிவிட்டுக் கதவை அறைந்து சாத்தினாள். கண்ணாடிக் கதவு உடையாதது அவர் நல்ல நேரம்.

அன்று சாயங்காலம் வீட்டில் பாத்திரங்கள் படாத பாடு பட்டன. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் கணவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"அந்தக் கரண்டி உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

எல்லாவற்றையும் கொட்டினாள். பொறுமையாகக் கேட்டவர், ஒழுகும் குழாய்க்கடியில் இருந்த வாளியைக் காட்டினார்.

"ரெண்டு வருஷமா வாளி வெக்கிற. ப்ளம்பரக் கூப்பிடணும்னு உனக்குத் தோணுச்சா?"

"ஏன், உங்களுக்குத் தோணக் கூடாதா? கையில போன் இல்லையா?"

"சரி, தப்புதான். ஆனா அந்தச் சிப்பு செஞ்சவனயே கேக்க வேண்டியதுதானே?"

மறுநாள் காலை அதைத்தான் செய்தாள். துடைப்பத்தின் அறையிலேயே உட்கார்ந்து, அவர் காதில் விழட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டுச் சிப்பு கம்பெனிப் பொறியாளரைக் கூப்பிட்டாள். எந்த வேகத்தில், எந்த நிலையில் மணி தவறுகிறது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். அந்தப் பக்கம் பொறியாளர் எதையோ புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"மேடம், இந்த வேகத்துல நாங்க சோதிச்சுப் பாத்ததே இல்ல. நீங்க சொல்றது சரின்னுதான் படுது."

அவள் துடைப்பத்தைப் பார்த்த பார்வையில் மனிதர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். பொறியாளர் இன்னும் முடிக்கவில்லை.

"யாராவது ஒருத்தர் சொல்லியிருந்தா அன்னைக்கே பட்டியல்ல போட்டிருப்போம் மேடம். நாப்பது லட்சம் சிப்பு போயிருக்கு. லிஃப்ட்ல இருக்கு, கொறமாசக் கொழந்தைங்கள வெக்கிற பெட்டியில இருக்கு. எல்லாருக்கும் இப்ப லெட்டர் அனுப்பணும்."

பதினோரு வருடத்துக்கு முன்னால் மேலாளராக இருந்த பெரியவரிடம் சொன்னபோது அவர், "ஓடுதுல்ல, விடும்மா" என்றார். விட்டாள். அவர் சொன்னதால் மட்டுமா? அந்தச் சிப்பின் குணம் தனக்கு மட்டுமே தெரியும் என்பதில் ஒரு மிதப்பு இருந்தது. அதை நினைக்க நினைக்க, நேற்று முழுக்க அடுத்தவர்மேல் கொட்டிய கோபமெல்லாம் தன்மேலேயே திரும்பிப் பற்றி எரிந்தது.

துடைப்பத்துக்கும் விஷயம் உறைத்துவிட்டது. அவசரமாக ஒரு தாளில் எழுதி அவள் பக்கம் தள்ளினார். ‘எட்டு வரியையும் திரும்பப் போடுங்கள். வியாழக்கிழமை மானிட்டர் ஏற்றிப் போகும் வண்டியை நான் நிறுத்துகிறேன். ஆனால் இந்த வாரம்தான் கண்டுபிடித்தோம் என்று சொல்லுங்கள். இல்லையென்றால் கம்பெனியும் காலி, நீங்களும் காலி.’

நேற்று அவள் எதற்காகச் சண்டை போட்டாளோ அதெல்லாம் அந்தத் தாளில் இருந்தது.

"ஃபார்ம்ல ஒரு கட்டம் இருக்கு மேடம்," என்றார் பொறியாளர். "இந்தக் கோளாற மொதல்ல எப்பப் பாத்தீங்க?"

துடைப்பம் கையெடுத்துக் கும்பிட்டார்.

"பதினோரு வருஷம் முன்னாடி," என்றாள் அவள். "எழுதிக்குங்க. பாத்தும் யாருக்கும் சொல்லாம மூடி வெச்சது நான்தான்."