பூதம் துணி துவைக்கும் பாலம்

காலையில் மார்சிலிங் ஸ்டேஷனில் நான் ஏறும் ரயிலில் அவரைப் பார்ப்பேன். இஸ்திரி கலையாத சட்டை, நரைத்த குறுந்தாடி, கையில் ஒரு கேம் கருவி. அவர் இறங்கும் சுவா சூ காங் ஸ்டேஷன் வருவதற்கு முன்பே எழுந்து பெட்டி பெட்டியாக நடந்து, எஸ்கலேட்டருக்கு நேராகத் திறக்கும் கதவருகே போய் நிற்பார். அரை நிமிடம்கூட வீணாக்காத மனிதர்.

ஒருநாள் அவருக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. நான் எப்போதோ ஆடி முடித்த கேமை அவர் ஆடிக்கொண்டிருந்தார். அவருடைய குதிரை காட்டுவழியே ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

“அண்ணே, இந்த கேமுக்குள்ளயே டிராவல் டிக்கெட் விக்கிறான், ரெண்டு வெள்ளிதான். வாங்கிட்டா நினைச்ச ஊருக்கு டக்குன்னு போயிடலாம் லா.”

“கேமுக்கு முழுக் காசு கொடுத்தாச்சு ப்ரோ. இப்ப அதை விளையாடாம தாண்டிப் போறதுக்கும் காசு கேக்குறான்!” என்றவர், “நீங்க வாங்கினீங்களா?” என்று கேட்டார்.

“நிறைய.”

“அப்ப இதைப் பார்த்திருக்க மாட்டீங்க.”

குதிரையை ஒரு பாலத்துக்கு அடியில் இறக்கினார். அங்கே பெரிய பூதம் ஒன்று, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி துணி துவைத்து, நம் அடுக்குமாடி புளோக் ஜன்னல்களில் போலவே மூங்கில் கழியில் காயப்போட்டுக்கொண்டிருந்தது. இருவரும் சத்தமாகச் சிரித்துவிட்டோம்.

சிரித்த வாயோடு எழுந்து அடுத்த பெட்டிக்கு விரைந்தார்.

“இங்க மட்டும் என்னண்ணே அவசரம்?”

“ஆபீஸ் போற வழியில பூதம் இல்லையே!”

நான் அந்த ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன், குதிரையில். பாலம் இன்னும் கண்ணில் படவில்லை. அவரைத் தினமும் ரயிலில் பார்க்கிறேன். வழி மட்டும் கேட்பதில்லை.