மாப்பிள்ளை படத்தில் விழுந்த கதை

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் கேமரா வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். அதனால் கடல் கடந்து ஊருக்குப் போன படங்களில் மனைவி இருப்பாள், இரண்டு பெண்களும் இருப்பார்கள், நான் இருக்கமாட்டேன். மூன்று வருஷம் பொறுத்த மாமியார் எழுதிவிட்டார்: அடுத்த படத்திலும் மாப்பிள்ளை இல்லையென்றால், மகளையும் பேத்திகளையும் கூட்டிவர மகனைக் கப்பலேற்றுவேன்.

பக்கத்து வீட்டுக்காரரை எடுக்கச் சொன்னேன். தலையை விட்டுவிட்டு மீதியை எடுத்தார். 'இது யார் வேட்டி?' என்று பதில் வந்தது.

"நீங்க ஓடிப்போயிட்டதா முடிவே கட்டிட்டாங்க," என்றாள் மனைவி. அவளுக்குச் சிரிப்பு. எனக்கு வரவில்லை. மைத்துனர் ஆறடி உயரம்.

நான் தந்தி அறையில் வேலை பார்த்தவன். கம்பிச் சுருளுக்குள் இரும்புத் தண்டை வைத்து பாட்டரியை இணைத்தால், தண்டு வெடுக்கென்று உள்ளே பாயும். பாய்ந்து முடிகிற இடத்தில் கேமராவின் விசையை இழுக்கும்படி கட்டினேன். கையிலிருந்த கம்பி மூன்று முழம்தான். சுவிட்சைப் போட்டுவிட்டு ஓடிப்போய் உட்கார வேண்டும். படத்தில் என் முதுகு விழுந்தது.

"ஓடறதுக்கு அத்தாட்சின்னு இதையே அனுப்பிடலாம்," என்றாள்.

தண்டு மெதுவாகப் போகவேண்டும். அதன் மறுமுனையில் வட்டத் தகடு ஒன்றைப் பொருத்தி, எண்ணெய் நிரப்பிய குழாய்க்குள் விட்டேன். தகட்டின் ஓரத்தில் எண்ணெய் கசிந்து வழிவிட்டால்தான் தண்டு நகரும். தேங்காயெண்ணெய் ஒன்று எண்ணுவதற்குள் வழிவிட்டுவிட்டது. விளக்கெண்ணெயை ஊற்றினேன். எட்டு எண்ணும்வரை தாக்குப்பிடித்தது.

மிச்சமிருந்தது ஒரே ஃபிலிம். கிள்ளான் துறைமுகத்திலிருந்து ஊருக்குத் தபால் கப்பல் அந்த வாரம் கிளம்புகிறது. மழை விட்ட ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சுவிட்சைப் போட்டு ஓடி உட்கார்ந்தேன். எட்டு. ஒன்பது. பத்து. சத்தமே இல்லை. ஈரக் குளிரில் எண்ணெய் இறுகியிருக்கும் என்று பிறகுதான் தோன்றியது. அப்போது தோன்றியதெல்லாம் மைத்துனரின் கைகள். பாட்டரி செத்தது, குடும்பம் போச்சு என்று எழப்போனேன்.

மனைவி உதடு அசையாமல் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "எந்திரிச்சீங்கன்னா அண்ணனை நானே கூப்பிடுவேன்."

உட்கார்ந்தேன். பதினாலில் 'டக்'.

படத்தில் மூவரும் அரண்மனைக்காரர்கள் மாதிரி இருந்தார்கள். நடுவில் வாயைப் பிளந்தபடி, கண் பிதுங்க, ஆனால் தலையோடு முழுசாக நான்.

'மாப்பிள்ளையைப் பார்த்தோம். மகன் வரவில்லை,' என்று கடிதம் வந்தது.

படத்தைப் பெரிதாக்கி முன்னறையில் மாட்டினேன். வாயைப் பற்றிக் கேட்பவர்களிடம், பாடிக்கொண்டிருந்தேன் என்பேன்.