துடைத்தெடுத்த பஞ்சு

என் தையல் கதிரையில் ஒரு குஷன் கிடக்கிறது. வெளியே நீலப் பூப்போட்ட பழைய சேலைத் துணி. உள்ளே இலவம்பஞ்சும் இல்லை, ஸ்பொஞ்சும் இல்லை. ஒரு பெரிய தையல் மிசினின் அடியில் இருந்தும் சில்லுகளில் இருந்தும் ஊசிக்குப் பக்கத்தில் இருந்தும் நாங்கள் நாளாந்தம் துடைத்தெடுத்த பஞ்சுத் தூசும் நூல் வெட்டுகளும்தான் இருக்கின்றன. மூக்கைக் கிட்டக் கொண்டுபோனால் இன்னும் மிசின் எண்ணெய் மணக்கும். இதை அடைத்துத் தைத்தவர் அக்கா. கூடப்பிறந்தவர் அல்லர், எங்கள் தீவில், மடத்துவெளியில் நாங்கள் சில பெண்கள் வேலை செய்த தையல் நிலையத்தின் பொறுப்பாளர். வயதில் மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் அக்கா. அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம். பாசம் பிறகுதான் வரும், வந்தாலும் கனநேரம் நிற்காது.

மிசினைத் தந்தவர்கள் கனடாவில் இருக்கும் எங்கள் ஊர்ச் சங்கத்தார். வீட்டு மிசினில் நாங்கள் துணியைத் தள்ளுவோம், மிசின் இருந்த இடத்திலேயே இருக்கும். இது அதற்கு மறுவளம். ஒரு பெரிய கட்டிலையும் விட நீளமான சட்டத்தில், உருளைகளுக்கு நடுவே துணி இழுத்துக் கட்டப்பட்டு அசையாமல் நிற்கும். நீண்ட கழுத்துள்ள மிசின்தான் தண்டவாளத்தில் சில்லுகளால் ஓடி ஓடித் துணியின் மேலே தைக்கும். சைக்கிளுக்கு உள்ளது போல இரண்டு பிடிகள். அவற்றைப் பிடித்துக்கொண்டு நின்றும் நடந்தும் தைக்க வேண்டும். மேலே ஒரு பழைய சேலை, கீழே ஒன்று, இரண்டுக்கும் நடுவில் பஞ்சு விரிப்பு. மூன்றையும் சேர்த்துப் பூவும் கொடியுமாகத் தைத்தால் குவில்ட். அவற்றைக் கொழும்பில் ஒரு கடைக்காரர் எடுத்து உல்லாசப் பயணிகளுக்கு விற்றார். எங்கள் தோட்டக் கிணறு உவர்த்துப் போய், கணவர் முதுகு நோவோடு படுத்திருந்த காலம் அது. அந்த மிசின் ஓடியதால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. மற்றப் பெண்களின் கதையும் ஏறக்குறைய அதுதான்.

கொழும்பில் இருந்து ஒருவர் வந்து மிசினை ஓட்டவும் பராமரிக்கவும் பழக்கிவிட்டுப் போனார். ஓட்டுவதை நாங்கள் எல்லோரும் பிடித்துக்கொண்டோம். பராமரிப்பை அக்கா பிடித்துக்கொண்டார், பிடித்தது என்றால் பேய் பிடித்தது போல. கீழ்நூல் சுற்றிய பொபின் முடியும் ஒவ்வொரு முறையும் அதன் கூட்டைக் கழற்றி, சின்னத் தூரிகையால் உள்ளே சேர்ந்த பஞ்சை வழித்தெடுக்க வேண்டும். கொக்கி சுழலும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய், ஒன்றே ஒன்று. பிறகு கழிவுத் துணியில் கொஞ்ச நேரம் ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் நல்ல சேலையில் எண்ணெய் தெறித்துவிடும். மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் தட்டுகளுக்கு நடுவே ஒரு துண்டுத் துணியை இழுத்தெடுத்தால், கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த தூசு கறுப்பாக வரும். பின்னேரம் தண்டவாளம் முழுக்கத் துடைத்து, சில்லுகளின் அச்சில் சுற்றிய நூலை ஊசியால் கிளப்பி எடுத்து, மூடிக்கட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகலாம். கடல் காற்று கதவிடுக்கால் வரும் ஊர், ஒருநாள் மறந்தாலும் அடுத்த நாள் தண்டவாளம் சொரசொரக்கும். அவசரத்தில் யாராவது பஞ்சை வாயால் ஊதிவிட்டால் போதும், அறையின் மறு மூலையில் இருந்து சத்தம் வரும்.

"ஊதாதை! உன்ரை வாயிலை வாறதும் ஈரம்தான். துடை."

அக்கா நாரந்தனையில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். பிரான்சுக்குப் போன கணவர் முதலில் பேச்சைக் குறைத்தார், பிறகு நிறுத்திவிட்டார். அதற்காக யாரும் இரங்குவது அக்காவுக்குப் பிடிக்காது. இரங்க வருகிறவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்து, பேச்சை மாற்றி, வாசல் படலை வரை வந்து வழியனுப்பிவிடுவார். மடிப்புக் குலையாத சேலை, இடுப்பில் திறப்புக்கோர்வை, மூக்கு நுனியில் கோபம். துடைத்த பஞ்சை வளவில் கொட்டவும் விடமாட்டார், காற்று திருப்பிக் கொண்டுவந்துவிடும் என்பார். கோதுமை மாப்பையில் சேர்த்துச் சேர்த்து, அது நிறைந்த பிறகு இந்தக் குஷனைத் தைத்துத் தன் கதிரையில் போட்டுக்கொண்டார். "உங்கடை வேலை முழுக்க இதுக்கைதான் இருக்கு" என்று எங்களைப் பகிடி பண்ணுவார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் தீவில் ஆட்கள் இருக்கும் வீடுகளை விடப் பூட்டிய வீடுகள்தான் அதிகம். கோயில் திருவிழாவுக்கு வெளிநாட்டில் இருந்து வீட்டுச் சொந்தக்காரர் வருகிறார்கள் என்றால், அந்தப் பூட்டுகளின் திறப்பை வைத்திருக்கும் அயலவர்கள் முதல் வாரமே தொடங்கிவிடுவார்கள். ஒட்டடை அடித்து, சுண்ணாம்பு பூசி, பாவித்த பாயையும் நெளிந்த சட்டியையும் பின்னுக்கு ஒளித்து, அந்த வீட்டில் ஒரு மனுசர் மூச்சு விட்டதற்கே அடையாளம் இல்லாமல் செய்து வைப்பார்கள். வருகிறவர்களுக்கு நாங்கள் செய்யும் மரியாதை அது. நாங்கள் வாழ்ந்த தடத்தை அழித்துக் காட்டுவதுதான் மரியாதை என்று எங்களுக்கு யார் சொல்லித் தந்தார்கள் என்று தெரியவில்லை.

சங்கத்தார் மிசினைப் பார்க்க வருகிறார்கள் என்று செய்தி வந்தது. அப்போது சட்டத்தில் பச்சைச் சேலைக் குவில்ட் ஒன்று பாதி தைத்தபடி நின்றது. வருவதற்கு முதல்நாள் அக்கா அதைக் கழற்றச் சொன்னார்.

"விடுங்கோ அக்கா. தைக்கிறதை அவை பாக்கட்டுமே" என்றேன்.

"அரைகுறை வேலையையோ காட்டுறது? வந்த சனத்துக்கு முன்னாலை பஞ்சும் நூலும் பறக்கிறதோ?"

"பறந்தால் என்ன? அதுதானே எங்கடை வேலை."

"உனக்கு ஒண்டும் தெரியாது. பேசாமல் கழற்று."

கழற்றினோம். பாதிக் குவில்ட் சுருட்டப்பட்டு அலுமாரிக்குள் போனது. அலுமாரியின் திறப்பு அக்காவின் இடுப்புக்குப் போனது. கழிவுத் துணிகள், உடைந்த ஊசி போடும் தகரப் பேணி, சுவரில் ஒட்டியிருந்த பூ மாதிரிகள் எல்லாம் மறைந்தன. பிறகு மிசின். அன்று துடைத்தது போல நாங்கள் ஒருநாளும் துடைத்ததில்லை. சில்லுகளைக் கழற்றித் துடைத்தோம். புது ஊசி போட்டோம். அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார். கடைசியில் சட்டத்தின் காலில் ஒரு சந்தனப் பொட்டு, மேலே வெள்ளை விரிப்பு. கடையில் இருந்து அன்றுதான் இறக்கியது போல மினுங்கியது. அக்காவின் முகத்திலும் அப்படி ஒரு மினுக்கம். அந்த முகத்தை என்னால் வெறுக்க முடியவில்லை, அதுதான் என் பிரச்சினை.

மூன்று பேர் வந்தார்கள்: ஒரு ஐயா, அவருடைய மனைவி, படம் பிடிக்க ஒருவர். அந்த அம்மாவுக்கு இடுப்பில் நாரி நோவு. அக்கா தன் கதிரையை இழுத்துக் குஷனைத் தட்டிப் போட்டு இருத்தினார். ஐயா வெள்ளை விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். தண்டவாளத்தில் விரலை ஓட்டி, அந்த விரலைப் பார்த்தார். பிறகு மனைவியைத் திரும்பிப் பார்த்தார். மிசினை நாங்கள் தொடவே இல்லை என்று நினைக்கிறார் என்பது எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது.

"பாவிக்கேல்லைப் போலை" என்றார்.

"இல்லை ஐயா, நாங்கள் ஒவ்வொரு நாளும் தைக்கிறனாங்கள்" என்றார் அக்கா.

ஐயா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நாங்களும் கத்தியிருக்கலாம். மிகவும் அன்பாகச் சிரித்தார். "பரவாயில்லை தங்கச்சி. வெக்கப்படாதேங்கோ. பெரிய மிசின், பயமாத்தான் இருக்கும். நாங்கள்தான் யோசிக்காமல் குடுத்திட்டம்."

நான் என் கைபேசியில் இருந்த குவில்ட் படங்களை அந்த அம்மாவிடம் நீட்டினேன். ஒன்றிரண்டைத் தள்ளிப் பார்த்தார். "நல்ல வடிவு. கையாலை தைச்சதோ?" என்று கேட்டார். துடைத்தெடுத்த அவ்வளவு பஞ்சின் மேலேயும் வசதியாகச் சாய்ந்திருந்துதான் அதைக் கேட்டார். குஷனின் நினைவு எனக்கு வீட்டுக்குப் போகும் வழியில்தான் வந்தது. அந்த நேரம் என் மனம் முழுக்க அலுமாரிக்குள் கிடந்த பாதிக் குவில்ட்டில்தான் இருந்தது.

"திறப்பைத் தாங்கோ அக்கா" என்றேன் மெதுவாக.

அக்கா அசையவில்லை. ஐயாவின் அந்தச் சிரிப்பு, இரங்க வருகிறவர்களின் சிரிப்பு, படலை வரை வழியனுப்பி வைக்க வேண்டிய சிரிப்பு. அது அக்காவை எங்கோ குத்திவிட்டது என்பது தெரிந்தது. "ஒருக்கா ஓட்டியாவது காட்டுங்கோ" என்று கெஞ்சினேன். அக்கா எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னார்: "தேத்தண்ணி ஆறப்போகுது. எடுத்துக் குடு." இடுப்புத் திறப்பின் மேல் கையை வைத்தபடி கடைசிவரை நின்றார். அவர்கள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

பிறகு கேட்டேன், ஏன் அக்கா என்று. "நாங்கள் என்ன களவெடுத்தனாங்களோ, சாட்சி காட்ட?" என்றார். இந்த ஒரு வசனத்துக்காக ஊரில் சிலர் அவரை மெச்சினார்கள். மெச்சியவர்களில் ஒருவர் வீட்டிலும் அந்த மிசினால் அடுப்பு எரியவில்லை.

கொஞ்ச நாளில் உள்ளூர்ச் சங்கத் தலைவர் தொலைபேசியில் சொன்னார்: சும்மா கிடக்கும் மிசினை யாழ்ப்பாணத்தில் ஒரு நிலையத்துக்குக் கொடுக்கக் கனடாக்காரர் தீர்மானித்துவிட்டார்களாம். நான் அவரிடம் போய் நின்று சண்டை பிடித்தேன். பச்சைக் குவில்ட்டைத் தூக்கிக்கொண்டுபோய் அவர் மேசையில் போட்டேன். "எனக்கு விளங்குது பிள்ளை, ஆனால் அவை முடிவெடுத்திட்டினம்" என்றார். அவர்கள் முடிவெடுத்துக்கொண்டுதான் வந்தார்களா, எங்கள் துடைப்பைப் பார்த்துத்தான் எடுத்தார்களா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. முந்தியதுதான் உண்மை என்றால் அக்காவை மன்னித்துவிடலாம். பல நாட்கள் அப்படி நம்பிப் பார்த்திருக்கிறேன், ஏலவில்லை.

லொறி வரும் நாள் காலையில் நிலையத்துக்குப் போனால், அக்கா தூரிகையும் துணியுமாகக் குனிந்து நிற்கிறார். எனக்கு வாயில் வந்ததெல்லாம் வந்தது.

"என்ன செய்யிறியள்? துருப்பிடிச்சுப் போகட்டும் விடுங்கோ! இந்தத் துடைப்புத்தானே எங்களைத் துடைச்சது!"

அவர் நிமிரவில்லை. "மிசின் எங்களுக்கு என்னடி செய்தது?" என்றார். பொபின் கூட்டைத் திறந்து, வழித்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மூடினார். மிசின் தலையைத் தன்னுடைய நல்ல சேலை ஒன்றால் சுற்றினார். ஏற்றுகிறவர்களிடம் கண்டிப்போடு சொன்னார்: "தண்டவாளத்திலை கை வையாதேங்கோ, சட்டத்திலை பிடியுங்கோ."

பெண்கள் திக்குக்கு ஒருவராகப் போனார்கள். ஒருத்தி நண்டு உடைக்கும் கம்பனிக்குப் போகிறாள். நான் வீட்டில் காலால் மிதிக்கும் மிசினில் பள்ளிக்கூட உடுப்புத் தைக்கிறேன். அக்கா ஒரு வெளிநாட்டுக் குடும்பத்தின் பூட்டிய வீட்டுக்குத் திறப்புக்காரி ஆனார். யாரும் படுக்காத கட்டில்களுக்கு விரிப்பு மாற்றுகிறார்.

போன மாதம் நூல் வாங்க யாழ்ப்பாணம் போனபோது, வேண்டாம் என்று மனம் சொல்லச் சொல்ல, கால் அந்த நிலையத்துக்குப் போய்விட்டது. மிசின் ஓடிக்கொண்டிருந்தது. தண்டவாளத்தின் மேலே ஒரு தேத்தண்ணீர்க் கிளாஸ். சில்லுகளில் சுற்றிச் சுற்றிப் பலநிற நூல். பொபின் கூட்டு வாசலில் பஞ்சு தாடி போலத் தொங்கியது. தைத்த பிள்ளை நூல் அறும்போதெல்லாம் வாயால் ஊதிவிட்டுத் தொடர்ந்தாள். சுவரில் ஒரு படம்: அந்த ஐயாவும் அம்மாவும் பஞ்சு பறக்கும் மிசினுக்குப் பக்கத்தில் நின்று பூரிப்போடு சிரிக்கிறார்கள். "வந்து பாத்திட்டு நல்ல சந்தோசம் அவைக்கு. எவ்வளவு வேலை நடக்குதெண்டு நேரிலை கண்டவை" என்றாள் அந்தப் பிள்ளை. அவளில் ஒரு பிழையும் இல்லை. அவளுக்கும் ஒரு வீடு இருக்கும், அடுப்பு இருக்கும்.

திரும்பி வந்து நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். மறைக்க எனக்கு மனம் வரவில்லை, அவருக்கு நோகவேண்டும் என்றுகூட இருந்தது. "ஊத்தை அக்கா. சில்லு முழுக்க நூல். வாயாலை ஊதுகினம்" என்றேன். அக்கா துடைப்பக்கட்டையைச் சுவரில் சாத்தினார்.

"ஓடுதோ?"

"ஓம். நல்லா ஓடுது."

அவ்வளவுதான் கேட்டார். உள்ளே போய் இந்தக் குஷனை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். "நீ கொண்டு போ. எனக்கு இதிலை இருக்க ஏலாது." நான் ஆறுதல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கும் தேத்தண்ணீர் தந்து அனுப்பியிருப்பார்.

இப்போது அதன் மேல் இருந்துதான் தைக்கிறேன். தட்டையாகிக்கொண்டு வருகிறது. ஒரு பக்கத் தையல் விட்டுப்போய், எழும்பும்போதெல்லாம் கொஞ்சம் பஞ்சு வெளியே வருகிறது. பச்சை, நீலம், மஞ்சள் நூல் துண்டுகளோடு நிலத்தில் உருளுகிறது. தைத்து மூட எனக்கு ஒரு நிமிடம் போதும், மூடவில்லை. மற்ற நாட்களில் வீட்டைக் கூட்டுவேன். ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்த நாளில் கூட்டுவதில்லை.